நூற்றி இருபது சாப்பாடும் ஒரு ஹைப்ரிட் வண்டியும்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். நான்கு வருடம், எட்டு செமஸ்டர், மூன்று அரியர். அந்த நான்கு வருடத்தில் ஒரு எஞ்சினைக்கூட என் கையால் கழற்றி மாட்டியதில்லை. எங்கள் காலேஜ் லேபில் ஒரே ஒரு எஞ்சின் இருந்தது. அதைப் பாதியாக அறுத்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி சிவப்பும் மஞ்சளும் பெயின்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தொடக்கூடாது. தொட்டால் ஃபைன். பூஜை அறையில்கூட அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

ஃபைனல் இயரில் எங்கள் பேட்ச் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட், டீசல்-எலக்ட்ரிக் ஹைப்ரிட் வாகனம். பெயர் மட்டும்தான் எங்களுடையது. வண்டியை ப்ராஜெக்ட் விற்கும் கடையில் ரெடிமேடாக வாங்கினோம், மேலே எங்கள் நான்கு பேர் பெயரையும் பிரின்ட் எடுத்து ஒட்டினோம். மார்க் போட வந்த வெளிக் காலேஜ் சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டை பஃப்ஸ் சாப்பிட்டார், டிஷ்யூவில் கை துடைத்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் இருந்த நான்தான் என் மாமாவின் வண்டியில் கை வைத்தேன்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கடம்பத்தூரில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு அக்கா சமைக்கிறாள். மாமா அதை மூன்று சக்கர லோடு வண்டியில் ஏற்றி, திருவள்ளூர் டவுனைக் கடந்து, காக்களூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குக் கொண்டுபோகிறார். தினமும் நூற்றி இருபது சாப்பாடு. பன்னிரண்டரைக்கு அங்கே பெல் அடிக்கும். அடிக்கும்போது சோறு மேஜையில் இருக்க வேண்டும். அந்த ஒரு கம்பெனிதான் அவர்களுடைய மொத்தப் பிழைப்பும்.

அந்த வண்டியின் கியர் பாக்ஸ் ஒருநாள் உடைந்தது. எஞ்சின் கிண்ணென்று ஓடுகிறது, கியர் விழவில்லை. இதனால் அடுத்தடுத்து இரண்டு நாள் சாப்பாடு லேட். கம்பெனியில் கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் சார் மாமாவை கேட்டிலேயே நிற்க வைத்து, "மூணாவது தபா லேட்டாச்சின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமா தன் கூட்டாளியின் லோடு வண்டியை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினார். அதற்குள் தன் வண்டியைத் தயார் பண்ணியாக வேண்டும்.

புத்தியுள்ள எவனும் செகண்ட் ஹேண்டில் ஒரு கியர் பாக்ஸ் வாங்கி மாட்டியிருப்பான். ஒரு நாள் வேலை. ஆனால் வீட்டில் இன்ஜினியர் இருக்கும்போது எதுவும் ஒரு நாளில் முடியாது.

"மாமா, கியர் பாக்ஸே வேணாம்" என்றேன்.

"கியர் இல்லாம எப்டிடா மச்சான் ஓடும்?"

"டீசல் ரயிலு எப்டி ஓடுது? அதுல எஞ்சின் சக்கரத்த சுத்தாது மாமா. கரண்ட் மட்டும்தான் எடுக்கும். அந்தக் கரண்ட்ல மோட்டார் சுத்தும், மோட்டார்தான் சக்கரத்த சுத்தும். உன் எஞ்சின் நல்லாத்தானே கீது? அத்த கரண்ட் எடுக்க வுடு. நடுவுல பேட்டரி வெச்சிக்கலாம். மேடு வந்தா பேட்டரியும் சேந்து தள்ளும். டீசல் பாதி மிச்சம்."

மாமா ரயில்வே லைன் பக்கம் பார்த்தார். அந்த லைனில் போகும் ரயிலெல்லாம் மேலே இருக்கும் கம்பியிலிருந்து கரண்ட் எடுத்து ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கடம்பத்தூர்க்காரரிடம் ரயிலைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. தலையாட்டிவிட்டார்.

அக்கா மட்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நீ இதுக்கு முன்னாடி எத்தினி வண்டி பண்ணிகீற?"

"காலேஜ்ல ப்ராஜெக்ட்டே இதான்க்கா."

"கடைல வாங்கினு வந்து பேரு ஒட்டுனியே, அதுவா?"

அக்காக்களுக்கு எதையும் சொல்லி வைக்கக்கூடாது.

நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில், ஒரு இரும்பு உருட்டும் மில்லில். ட்ரெய்னி. அதாவது எல்லாரும் வேலை செய்வதை ஹெல்மெட் போட்டுக்கொண்டு பார்ப்பவன். அங்கே ரோட்டோரம் பழைய மெஷின்களை மலை மாதிரி குவித்து வைத்திருக்கும் காயலாங்கடையில் ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் செத்துக் கிடந்தது. அதிலிருந்து மோட்டார், அதை ஓட்டும் கன்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தோம். திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் எஞ்சின் போய், கரண்ட் எடுக்கும் பாகம் மட்டும் நன்றாக இருந்தது. அதையும் தூக்கிவந்தோம். மாமாவின் எஞ்சின் அதைச் சுற்ற வேண்டும், வரும் கரண்ட் சார்ஜர் வழியாக பேட்டரிக்கும் மோட்டாருக்கும் சேர்ந்து போக வேண்டும். இதுதான் திட்டம். வண்டியை இப்படி மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் யாரைக் கேட்க வேண்டும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்துவிட்டால் கேட்க வேண்டியிருக்குமே.

மோட்டாரைப் பின் சக்கரத்தோடு சேர்க்கும் வெல்டிங் வேலையை மாமா பார்த்துக்கொண்டார். ஒயரிங்குக்கு அவருடைய இன்னொரு கூட்டாளி வந்தார். காக்களூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. படித்தவர். ஏரியாவில் பாதி மண்டபங்களுக்கு ஜென்செட் கனெக்‌ஷன் கொடுத்தது தான்தான் என்று டீ கிளாஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சொல்வார். என்னை முதல் நாளே "வா இன்ஜினியரு" என்று கூப்பிட்டார். அதில் மரியாதை இருக்கிறதா நக்கல் இருக்கிறதா என்று எனக்குப் புரிந்தது. நக்கல்தான்.

எனக்கு அந்த வாரம் ஷிஃப்ட். அதனால் ஒயரிங் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். படம் என்றால் மூன்று கட்டம், மூன்று அம்புக்குறி. ஒரு கட்டத்தில் ஜென்செட், அதாவது எஞ்சினோடு சேர்ந்த ஜெனரேட்டர், ஒன்றில் பேட்டரி, ஒன்றில் மோட்டார். காலேஜ் பிரசன்டேஷனில் இருந்ததை அப்படியே வெட்டி எடுத்தது. கீழே ஹெச்.ஓ.டி.யின் பெயர்கூட பாதி தெரிந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார். நானும் ஒன்றை அனுப்பினேன். இரண்டு நாளில் ஒயரிங் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டி தயாராக நின்றது. சீட்டுக்குப் பக்கத்தில் பலகை அடித்து, அதில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு ஸ்விட்ச், அதற்குப் பெரிய கைப்பிடி. மண்டபங்களில், கிளினிக்குகளில், ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேஞ்ச் ஓவர்.

"மேல தள்ளுனா பேட்டரி. கீழ தள்ளுனா ஜென்செட். நடுவுல வுட்டா ஆஃப்" என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் பெருமையாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பார்க்கப் பக்காவாக இருந்தது, அவ்வளவுதான். மாமா மேலே தள்ளி வாசலில் ஒரு சுற்று ஓட்டினார், ஓடியது. கீழே தள்ளி எஞ்சினைப் போட்டு ஒரு சுற்று ஓட்டினார், அதுவும் ஓடியது. நான் போனை எடுத்து ரீல் போட்டேன். வீல், மோட்டார், அந்தக் கைப்பிடி, எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனில் எடுத்து, மாஸாக ஒரு மியூசிக் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் "ப்ரோ வேற லெவல்" என்று இருபது பேர் எழுதினார்கள். அதில் பதினைந்து பேர் என்னோடு படித்தவன்கள். அவன்களுக்கு ஸ்பானர் என்றால் இரண்டு முனையில் எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாது. அவன்கள் சொன்னதை நம்பினேன் பாருங்கள்.

திங்கட்கிழமை இரவல் வண்டி திரும்பிப் போய்விட்டது. நான் லீவு போட்டுவிட்டு மாமாவோடு ஏறிக்கொண்டேன். பின்னால் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, எல்லாம் மூடி போட்டுக் கயிறு கட்டிய அண்டாக்களில். மாமா கைப்பிடியை மேலே தள்ளினார். சத்தமே இல்லாமல் வண்டி கிளம்பியது. டவுனுக்குள் நுழையும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மச்சான், சத்தமே இல்ல பாரு! ஹாரன் அடிச்சாதான் வண்டி வருதுன்னே தெரியுது!"

"மோட்டார்னா அப்டித்தான் மாமா" என்று ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன்.

டவுனைத் தாண்டியதும் ரயில்வே மேம்பாலம். பாதிப் பாலம் ஏறியதும் வண்டி இளைக்க ஆரம்பித்தது. நடக்கிறவன் எங்களை முந்திப் போனான். அப்புறம் நின்றேவிட்டது. பேட்டரி காலி. செத்த ஃபோர்க்லிஃப்டின் பேட்டரி அவ்வளவு தூரம் வந்ததே அதிகம்.

"பரவால்ல மாமா, ஜென்செட் போடு."

மாமா எஞ்சினை ஸ்டார்ட் செய்து கைப்பிடியைக் கீழே தள்ளினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எஞ்சின் இருமி, கறுப்பாகப் புகை கக்கி, அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி இருமல். மூன்றாவது முறை வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. சாம்பார் அண்டா மூடியைத் தாண்டி வழிந்தது. நான் குதித்து இறங்கி, ரோட்டோரம் கிடந்த கல்லைப் புரட்டி சக்கரத்துக்குக் கீழே வைத்தேன். அந்த மொத்த ப்ராஜெக்டிலும் என் கையால் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

பின்னால் ஹாரன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா நைனா, பாலத்து மேல அன்னதானமா?"

மணி பன்னிரண்டு ஐந்து. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்த்தவுடன் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, இதுல பேட்டரியும் ஜென்செட்டும் ஒண்ணா சேரவே இல்லியே?"

"எப்டி சேரும்? ரெண்டையும் சேத்தா பட்டாசுதான். ஒண்ணு இருக்கசொல்ல இன்னொண்ணு வரக்கூடாது. அதுக்குத்தான சேஞ்ச் ஓவர்."

"அப்போ பேட்டரி எப்பதான் சார்ஜ் ஆவும்?"

"ராத்திரி ஊட்ல பிளக்ல சொருகிக்கோ."

"அப்போ எஞ்சின் எதுக்குணா?"

"இன்னா கேள்வி இது? கரண்ட் போச்சின்னா போடறதுக்கு!"

ரோட்டில் போகும் வண்டிக்கு பவர் கட் வந்தால் போடுவதற்கு எஞ்சின். இருபது வருடமாக மண்டபம் மண்டபமாக அவர் செய்த அதே வேலையை என் மாமாவின் வண்டிக்கும் செய்திருந்தார். மேடு ஏற ஜென்செட் தனியாகத் திணறும், பேட்டரியும் கூடச் சேர்ந்து தள்ள வேண்டும், அதற்குப் பெயர்தான் ஹைப்ரிட். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால் நான்.

அந்த ஷேர் ஆட்டோக்காரர்தான் கடைசியில் காப்பாற்றினார், ஆனால் வாயை மூடவே இல்லை. பாசஞ்சர்களை நெருக்கி உட்கார வைத்து, நடுவில் அண்டாக்களைத் திணித்தார். ஒரு அம்மா மடியில் கூட்டு. "எம்மா, கெட்டியா புடிச்சிக்கோ, கம்பெனில எறக்கசொல்ல எடை போட்டுப் பாப்பாங்க" என்றார் அவர். "நானே நாஷ்டா துண்ணாம வந்துகீறேன், வாசன வேற" என்றது அந்த அம்மா. கொள்ளாத சோற்று அண்டாவை இன்னொரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். சாப்பாடு கம்பெனிக்குள் போனபோது பன்னிரண்டு ஐம்பது. நூற்றி இருபது பேர் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தட்டை யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தால்கூடத் தேவலை.

அட்மின் சார் மாமாவைப் பார்க்கவில்லை, தன் வாட்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வேற கேட்டரிங் ஆளு வர்றதுக்கு ரெண்டு நாள் ஆவும். நாளைக்கு ஒருநாள் பாக்கறேன். பெல்லடிக்கசொல்ல சோறு இல்லன்னா நீ கேட்டாண்டயே நின்னுக்கோ."

மத்தியானம் வண்டியைப் பாலத்துக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். ஷிஃப்ட் முடிந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வந்தவுடனே ஆரம்பித்தேன்.

"ஹைப்ரிட்னா இன்னான்னே தெரியாம எதுக்குணா கை வெச்ச?"

அவர் போனை எடுத்து என் படத்தைக் காட்டினார். "இதுல பிளஸ் எது, மைனஸ் எது?"

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்புக்குறிதான் பெரிதானது.

"ஃபியூஸ் எங்க? எத்தினி வோல்ட்டு எங்க வருதுன்னு எங்க போட்டுகீற? மூணு பொட்டி வரைஞ்சி அம்பு வுட்டுகீற. இத்தப் பாத்து ஒயரிங் பண்ணா பாலத்துல நின்னுருக்காது, எரிஞ்சிருக்கும்."

"கேட்டிருக்கலாம்லணா?"

"நீ வந்து பாத்தியா இல்லியா? ஞாயித்துக்கெழம நின்னு நின்னு போட்டோ புடிச்ச." அடுத்து என் ரீலைத் திறந்தார். அவர் தள்ளிக் காட்டிய கைப்பிடி, ஸ்லோ மோஷனில், என் மியூசிக்கோடு மேலேயும் கீழேயும் போய் வந்தது. "ஊருக்கே காட்டிகீற. உனக்கு மட்டும் தெரில. பாட்டு வேற."

மாமாவுக்கு அவ்வளவு பேஜாரிலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் காது சூடாகியது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஹைப்ரிட் தெரியாமல் ஒயர் கொடுத்தார். நான் ஒயர் தெரியாமல் ஹைப்ரிட் விற்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் மாமாவின் சோறு.

அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை. சார்ஜரிலிருந்து வருவதும் பேட்டரியும் ஒரே வோல்ட் டி.சி., வீட்டுக் கரண்ட் மாதிரி இல்லை, சேர்க்கலாம் என்று நான் மண்ணில் எழுதிக் காட்டினேன். அவர் அரை மனதாக ஒத்துக்கொண்டார். பேட்டரி கரண்ட் சார்ஜருக்குள் திரும்பிப் போகாமலிருக்க, பழைய வெல்டிங் மெஷினிலிருந்து கழற்றிய டையோடு ஒன்றை அவர் நடுவில் போட்டார். அது என் மூளைக்கு எட்டவே இல்லை. கை அகலத்துக்கு ஒரு ஃபியூஸும் போட்டார். கைப்பிடியைக் கழற்றி எறிந்தோம். எஞ்சினை ஓடவிட்டதும் சார்ஜர் முள் அசைந்தது. பேட்டரி ஏறக் காத்திருந்து, வெளிச்சம் இருக்கும்போதே ஐந்து பேரைப் பின்னால் நிற்க வைத்து அதே பாலத்தில் ஏற்றினோம். ஏறியது. புகை கக்கியது, முனகியது, ஆனால் ஏறியது. நான் ரீல் எடுக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா வீட்டுக்குப் போனால், வாசலில் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் நிற்கும் வாடகை லோடு ஆட்டோ. டிரைவர் சோற்று அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது?"

"சோறு, கொழம்பு, கூட்டு எல்லாம் இதுல போவுது."

"நேத்து ஐஞ்சு பேர ஏத்திகினு பாலம் ஏறிச்சிக்கா! வேணா அவங்கள கேளு!"

"ஆளு வுழுந்தா எழுந்து நிப்பான். சோறு வுழுந்தா?"

மாமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அப்புறம் செருப்பைப் பார்த்தார். அக்கா ஷெட்டுக்குள் போய், பொரித்த அப்பளம் நிறைந்த பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வண்டியில் வைத்தாள்.

"இந்தா. இத்த ஏத்திகினு போங்க. இது லேட்டானா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

ஒரு ஃபோர்க்லிஃப்ட் மோட்டார், ஒரு டீசல் எஞ்சின், ஒரு மண்டபத்து ஜெனரேட்டர், ஒரு பி.இ. பட்டம். எல்லாம் சேர்ந்து இழுத்தது ஒரு கூடை அப்பளம்.

சரியாக ஓடியது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மேம்பாலத்தில் ஒரு டிப்பரை ஓவர்டேக் செய்தோம். பன்னிரண்டு பத்துக்கு அப்பளம் மேஜைக்கு வந்துவிட்டது. ஆனால் அக்கா நம்பி ஏற்றிய வாடகை வண்டியைக் காணவில்லை. மாமா போன் போட்டார். எங்களுக்கு முன்னால் கிளம்பியவர் வழியில் டீக்கு நின்று, நாங்கள் தாண்டிப் போன பிறகு டவுன் ஜங்ஷனில் ஏதோ ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்.

அட்மின் சார் வந்தார். மேஜையைப் பார்த்தார். நீள மேஜை, அதன் நடுவில் அப்பளக் கூடை மட்டும்.

"சோறு எங்க?"

"பின்னாடி வருது சார்."

"அப்பளம் முன்னாடி வந்து இன்னா பண்ணப்போவுது?"

மாமா கேட்டுக்கு ஓடினார். பன்னிரண்டு இருபது. இருபத்திரண்டு. அந்த ஐந்தாறு நிமிஷத்தில் நான் படித்தது, செய்தது, ரீல் போட்டது எல்லாமே எனக்கு அசிங்கமாக இருந்தது. எல்லா அண்டாவையும் எங்கள் வண்டியில் ஏற்றியிருந்தால் இந்நேரம் சோறு வந்திருக்கும். ஆனால் அப்படி ஏற்றும்படி என்னை நம்ப அக்காவுக்கு நான் ஒரு காரணம்கூடக் கொடுக்கவில்லையே.

இருபத்தாறுக்கு வாடகை வண்டி கேட்டுக்குள் பாய்ந்தது. நான், மாமா, டிரைவர், கேன்டீனில் இருந்த இரண்டு அக்காக்கள், எல்லாரும் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசி அண்டா மேஜைக்கு வந்ததும் பெல் அடித்தது. அட்மின் சார் வாட்சைப் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பிழைப்பு தப்பியது. மாமா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்பளக் கூடை பக்கத்தில் நின்று ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தேன். மோல்டிங் மெஷின் ஓட்டும் ஒருவர் ஒரு வாய் கடித்துவிட்டு, மீதியை மூக்குக்கிட்ட கொண்டுபோனார்.

"யோவ், அப்பளத்துல இன்னா டீசல் வாசன வருது?"

இன்னொருவர் கடித்தார். அவருக்கும் வந்தது. அடுத்தடுத்துப் பத்துப் பேர் தங்கள் அப்பளத்தை மோந்து பார்த்தார்கள். வரிசையில் நின்ற அட்மின் சாரும் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நாளையிலிருந்து அப்பளமும் சோறு வந்த வண்டியிலயே வரட்டும்யா."